மனை விற்பனைக்குப் புதிதாக வருவோரின் வரவு செலவு குறித்து

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

பாளையங்கோட்டை பேருந்து நிலையச் சுவர்களிலும் திருநெல்வேலி சந்திப்பு ஈரடுக்கு மேம்பாலத்தின் தூண்களிலும் “மனை விற்பனைக்கு ஆட்கள் தேவை, முதலீடு வேண்டாம், முன் அனுபவம் வேண்டாம், மாதம் 50,000 முதல் 1 லட்சம் வரை வருமானம்” என்ற துண்டு விளம்பரங்களைச் சில காலமாகப் பார்த்து வருகிறேன். அதே வாசகங்கள் நாளிதழ்களின் வரி விளம்பரப் பகுதிகளிலும் வருகின்றன. அப்படி ஒரு விளம்பரத்தை நம்பிச் சேர்ந்த இளைஞர் ஒருவர் சென்ற மாதம் என் வீட்டுக்கு வந்தார். கங்கைகொண்டான் பக்கம் ஓர் ஆலையில் மாதம் 16,000 ரூபாய் சம்பளத்தில் இருந்தவர் அவர். வேலையை விட்டு நான்கு மாதம் ஆகியும் அவர் கொண்டுவந்த ஆட்களில் ஒருவர்கூடப் பத்திரப் பதிவு வரை போகவில்லை. வண்டித் தவணை இரண்டு மாதம் நின்றுபோய்விட்டது. மனைவியின் வளையல் அடகில் இருக்கிறது. “அண்ணாச்சி, இந்த மாசம் ஒரு பார்ட்டி கண்டிப்பா முடிஞ்சிரும், அதுவரைக்கும் ஒரு இருவதாயிரம் மட்டும் குடுங்க” என்று அவர் கேட்டார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதனால்தான் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நான் 2003-ஆம் ஆண்டிலிருந்து நிலத் தரகில் இருக்கிறேன். இந்தத் தொழிலில் சம்பாதித்துத்தான் வீடு கட்டினேன். இரண்டு பிள்ளைகளையும் படிக்க வைத்தேன். ஆகவே, இளைஞர்கள் இத்தொழிலுக்கு வரக்கூடாது என்று சொல்வது என் நோக்கம் அன்று. தரகுப் பணம் மாதச் சம்பளத்தைப் போல வருவதில்லை என்பதையும், அப்படி வராத பணத்தை வைத்துக் குடும்பம் நடத்துவதற்கென்று தனியாக ஒரு முறை உண்டு என்பதையும், வேலையை விடுவதற்கு முன்பே அவர்களுக்கு யாராவது சொல்ல வேண்டும். ஆள் எடுக்கும் நிறுவனங்கள் அதைச் சொல்வதில்லை. எனக்கும் அன்று யாரும் சொல்லவில்லை.

ஒரு கணக்கைச் சொன்னால் நான் சொல்ல வருவது விளங்கும். பாளையங்கோட்டைக்கு வெளியே 5 சென்ட் மனை ஒன்று, சென்ட் 4 லட்சம் ரூபாய் வீதம் 20 லட்சத்துக்குப் பேசி முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். வாங்குபவரும் விற்பவரும் ஆளுக்கு 1 சதவீதம் தருவது எங்கள் பக்கத்து வழக்கம் என்பதால் மொத்தத் தரகு 40,000 ரூபாய். ஆனால் விற்பவர் பக்கம் ஒருவரும் வாங்குபவர் பக்கம் ஒருவருமாக இரண்டு தரகர்கள் நிற்பதே பெரும்பாலும் நடப்பது. புதிதாக வந்தவருக்கு அதில் கிடைப்பது 20,000 ரூபாய். அந்த ஒரு ஆள் மனையை வாங்குவதற்கு முன் அவரையும் அவரைப் போல வாங்காமல் போன வேறு சிலரையும் இடம் பார்க்க அழைத்துச் சென்ற பயணங்கள் பன்னிரண்டாவது இருக்கும். வள்ளியூர் வரை போய்த் திரும்பினால் லிட்டர் 100 ரூபாயைத் தாண்டிய பெட்ரோல் இரண்டு லிட்டராவது ஆகும். அந்த வகையில் 2,400 ரூபாய். குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு இரண்டு முறை கார் அமர்த்தினால் 4,000 ரூபாய். நகல் எடுப்பது, தேநீர், கைபேசிச் செலவு என்று ஒரு 600 ரூபாய். ஆக மிஞ்சுவது 13,000 ரூபாய். முதல் பேச்சிலிருந்து பத்திரப் பதிவு வரை மூன்று மாதம் ஆகியிருந்தால் மாதத்துக்கு 4,333 ரூபாய்தான். மாதம் 16,000 ரூபாய் சம்பளத்தை விட்டுவிட்டு அந்தத் தம்பி வந்து சேர்ந்த இடம் இதுதான். நான்கு மாதத்தில் அவருக்கு இதுவும் கிடைக்கவில்லை.

மூன்று மாதம் என்று நான் சொன்னது குறைந்த அளவு. எங்கள் மாவட்டத்துக் குடும்பங்களில் ஒருவராவது மும்பையிலோ சென்னையிலோ வளைகுடா நாட்டிலோ இருப்பார். தகப்பனார் பெயரில் உள்ள நிலத்தை விற்க வாரிசுகள் அத்தனை பேரும் கையெழுத்திட வேண்டும். மும்பையில் இருக்கும் அண்ணன் “கொடைக்கு வரும்போது கையெழுத்துப் போடுகிறேன்” என்று சொல்லிவிட்டால், குலதெய்வக் கோயில் கொடை வரும் வரை தரகரும் காத்திருக்க வேண்டியதுதான். கடைசி நேரத்தில் வில்லங்கச் சான்றில் பழைய அடமானம் ஒன்று தெரியவரும். பட்டாவில் உட்பிரிவு மாறியிருக்கும். வங்கி கடனைக் குறைத்துவிடும். இவற்றில் ஒன்றுகூடத் தரகரின் குற்றம் அன்று, ஆனால் அவருடைய வருமானம் இவை ஒவ்வொன்றையும் தாண்டித்தான் வீட்டுக்கு வர வேண்டும்.

மாதங்களின் கணக்கும் ஒன்று உண்டு. ஆடியிலும் மார்கழியிலும் எங்கள் பக்கத்தில் கிரயம் முடிப்பவர்கள் குறைவு. ஐப்பசி, கார்த்திகை மழையில் வெளியூர் ஆட்கள் இடம் பார்க்க வருவதில்லை. தை பிறந்தால் சார்பதிவாளர் அலுவலகங்களில் கூட்டம் நெரியும். முகூர்த்த நாட்களில் கூடுதல் டோக்கன் கொடுக்கும் அளவுக்குப் பதிவுகள் இருக்கும். செலவோ இந்த வரிசையைப் பார்த்து வருவதில்லை. பள்ளிக் கட்டணம் ஜூனில் வந்து நிற்கிறது, அடுத்த மாதமே ஆடி. தீபாவளி மழைக்காலத்தில் வருகிறது.

என் தகப்பனார் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் சேரன்மகாதேவி பக்கம் விளைச்சலில் பங்கு கொடுக்கும் வாரத்துக்குப் பயிரிட்டவர். காரும் பிசானமும் என்று ஆண்டில் இரண்டு அறுவடை. நெல் வீட்டுக்கு வந்த அன்று குலுக்கை நிறைந்திருக்கும். ஆனால் அன்று எங்கள் வீட்டுச் சமையல் மாறியதில்லை. அடுத்த அறுவடை வரை இத்தனை மரக்கால் என்று அம்மா அளந்து வைத்திருப்பார்கள். விதைநெல் தனியே கட்டப்பட்டுப் பரண் ஏறிவிடும். இப்படி வளர்ந்த நானே தரகுக்கு வந்தபின் அதை மறந்தேன். 2005-இல் ஒரே மாதத்தில் மூன்று கிரயம் முடிந்து கையில் 70,000 ரூபாய் வந்தபோது, இனி மாதாமாதம் இப்படித்தான் வரும் என்று மனம் தானாகவே கணக்குப் போட்டுவிட்டது. வண்டி வாங்கினேன், வாடகை அதிகமான வீட்டுக்கு மாறினேன். அடுத்த ஐந்து மாதம் ஒன்றுமே வரவில்லை.

அதற்குப் பிறகு என் மனைவி ஏற்படுத்திய ஒழுங்கைத்தான் இன்றுவரை கடைப்பிடிக்கிறேன். புதியவர்கள் கேட்கும்போதெல்லாம் முதலில் சொல்வதும் இதைத்தான். தரகுப் பணம் எவ்வளவு வந்தாலும் அது வீட்டுச் செலவுக் கணக்குக்கு வரக்கூடாது. அதற்கென்று வேறொரு வங்கியில் தனிக் கணக்கு இருக்க வேண்டும். அந்தக் கணக்கின் ஏடிஎம் அட்டையைப் பையில் வைத்துக்கொண்டு திரியக்கூடாது. கைபேசியில் பணம் அனுப்பும் செயலியோடும் அதை இணைக்கக்கூடாது. அந்தக் கணக்கிலிருந்து மாதம் 1-ஆம் தேதி ஒரே ஒரு தொகை மட்டும் வீட்டுக் கணக்குக்குப் போகும். அந்தத் தொகைதான் நமக்கு நாமே கொடுத்துக்கொள்ளும் சம்பளம். ஒரே மாதத்தில் 1 லட்சம் வந்தாலும் சம்பளம் உயராது, ஆறு மாதம் ஒன்றும் வராவிட்டாலும் சம்பளம் நிற்காது. எவ்வளவு என்று தீர்மானிப்பதில்தான் பலர் தவறுகிறார்கள். ஓர் ஆண்டு வருமானத்தைப் பன்னிரண்டால் வகுத்து அதைச் சம்பளமாக வைத்துக்கொள்கிறார்கள். நல்ல ஆண்டில் அப்படி வகுத்தால் மோசமான ஆண்டில் கணக்குக் காலியாகிவிடும். வகுத்து வருவதில் பாதியைத்தான் நான் சம்பளமாக வைத்தேன். முதல் ஆண்டில் வகுப்பதற்கே கணக்கு இராது. அந்த ஆண்டு முழுவதும் பழைய சம்பளத்தைவிடக் குறைவான தொகையில்தான் குடும்பம் நடக்க வேண்டியிருக்கும் என்பதை வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும். மனைவியிடம் சொல்லாமல் எவரும் இத்தொழிலுக்கு வரக்கூடாது என்பேன்.

இதனால்தான், கையில் ஒன்பது மாத வீட்டுச் செலவு இல்லாதவர் இருக்கிற வேலையை விடக்கூடாது என்று நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். ஆறு மாதம் போதும் என்பவர்கள் உண்டு. முதல் தரகு வரவே ஆறு மாதம் ஆனவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன் என்பதால் ஒன்பது என்கிறேன். மாலை நேரத்திலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் இடம் காட்டியே ஓர் ஆண்டு தொழில் கற்கலாம்; அப்படிக் கற்றவர்கள்தான் எங்களில் நிலைத்து நிற்கிறார்கள்.

ஒன்பது மாதம் என்பது அதிகம் என்று தோன்றினால் 2016-ஆம் ஆண்டை நினைத்துப் பார்க்கக் கேட்டுக்கொள்கிறேன். அவ்வாண்டு செப்டம்பர் 9 அன்று, அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. விளைநிலங்கள் கண்மூடித்தனமாக மனைகளாக்கப்படுவதைத் தடுக்க வந்த அந்த உத்தரவு நியாயமானது என்றே இன்றும் கருதுகிறேன். ஆனால் அன்று என் கையில் முன்பணம் வாங்கிய நிலையில் இருந்த ஏழு மனைகளும் ஒரே நாளில் நின்றுபோயின. அதிலிருந்து மீள்வதற்குள் நவம்பர் 8 அன்று 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்ற அறிவிப்பு வந்தது. வரன்முறைப்படுத்தும் விதிகள் 2017-இல் வெளிவந்த பிறகும், ஒவ்வொரு மனையாகக் கட்டணம் கட்டி வரன்முறை பெற்றுப் பதிவுக்குப் போவதற்கு நீண்ட காலம் பிடித்தது. 2017 ஜூனில், பதிவுக்காக அரசு நிர்ணயிக்கும் வழிகாட்டி மதிப்பு 33 சதவீதம் குறைந்து பதிவுக் கட்டணம் 1 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாக உயர்ந்தபோதும், 2023 ஏப்ரலில் பழைய மதிப்பு திரும்பி வந்து பதிவுக் கட்டணம் 2 சதவீதமாகக் குறைந்தபோதும், “கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்” என்று வாங்குபவர்கள் ஒதுங்கி நின்றார்கள். இடையில் 2020-இன் ஊரடங்கு. பிறகு 2023 டிசம்பர் 17, 18 தேதிகளின் பெருமழை. தாமிரபரணி வெள்ளம் சந்திப்பையும் கொக்கிரகுளத்தையும் மூழ்கடித்த அந்த நாட்களுக்குப் பிறகு பல மாதங்களுக்கு, மனை கேட்டு வந்த ஒவ்வொருவரும் விலையைக் கேட்கும் முன் “தண்ணி வந்த இடமா?” என்றுதான் கேட்டார்கள். ஏழெட்டு ஆண்டுகளுக்குள் தரகரின் வருமானம் அடியோடு நின்ற காலம் மூன்று முறை வந்திருக்கிறது. அவர் சோம்பேறியாக இருந்ததால் வந்ததில்லை.

2016-இல் என் தனிக் கணக்கில் ஏழு மாதச் செலவுக்குப் பணம் இருந்தும், எட்டாவது மாதம் நானும் வட்டிக்கு வாங்கினேன். “இந்த வாரம் பதிவு” என்று உறுதியாக இருந்த ஒரு கிரயத்தை நம்பி, நூற்றுக்கு மாதம் 5 ரூபாய் வட்டியில் 1 லட்சம் வாங்கினேன். அந்தப் பதிவு பதினொரு மாதம் தள்ளிப்போனது. வட்டி மட்டும் 55,000 ரூபாய் கட்டினேன். கடைசியில் கிடைத்த தரகு 30,000. வரப்போகும் தரகைக் காட்டிக் கடன் வாங்குவதுதான் இத்தொழிலில் இருப்பவர்களைச் சாய்க்கிறது. நாங்கள் பழகும் இடங்களிலேயே வட்டிக்குக் கொடுப்பவர்களும் உட்கார்ந்திருக்கிறார்கள். கேட்ட அரை மணி நேரத்தில் பணம் கிடைக்கும். கந்துவட்டி, மீட்டர் வட்டி ஆகியவற்றைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டே சட்டம் வந்துவிட்டது. அப்படியிருந்தும் 2017 அக்டோபர் 23 அன்று நம் மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்திலேயே, கந்துவட்டிக் கொடுமை தாளாமல் சின்னஞ்சிறு குழந்தைகளோடு ஒரு குடும்பம் தீக்கு இரையானது. அந்தச் செய்தியைப் படித்த நாளில் என் கடன் பாக்கி இருந்தது. அந்த வளாகத்தைக் கடக்கும் போதெல்லாம் இன்றும் எனக்குக் கால் தளர்கிறது. அவசரம் என்றால் கூட்டுறவுச் சங்கத்திலோ வங்கியிலோ நகையை வைத்து வாங்குவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அதுவும் தனிக் கணக்கு முழுவதும் தீர்ந்த பிறகே.

அடுத்து, சொந்தப் பணத்தை வியாபாரத்துக்குள் விடுவது. நல்ல மனை ஒன்று வேறொருவருக்குப் போய்விடுமே என்று, வாங்குபவர் ஊரிலிருந்து வரும் வரை தன் கைப்பணத்தை முன்பணமாகக் கொடுத்துப் பிடித்து வைப்பது புதியவர்களிடம் சாதாரணமாக நடக்கிறது. வாங்குபவர் மனம் மாறினால் முன்பணம் திரும்பாது. என்னிடம் ஒரு முறை 50,000 ரூபாய் அப்படிப் போயிற்று. சில நிறுவனங்களில் சேரும்போதே காப்புத்தொகை கேட்கிறார்கள். வேறு சில இடங்களில் “முதலில் நீங்கள் ஒரு மனை எடுங்கள், அப்போதுதான் மற்றவர்களை நம்பவைக்க முடியும்” என்று தவணையில் ஒரு மனையைத் தலையில் கட்டுகிறார்கள். வேலை தருகிறவர் வேலைக்கு வருபவரிடம் பணம் கேட்டால், அங்கே விற்கப்படும் சரக்கு அந்த இளைஞர்தான் என்று வைத்துக்கொள்ளலாம்.

இதைவிட வேதனையானது உறவினர்களை விற்பனைக்கு இழுப்பது. புதிதாகச் சேர்ந்தவரின் முதல் மூன்று நான்கு விற்பனைகள் மாமா, சித்தப்பா, அத்தான் வீடுகளில்தான் நடக்கின்றன என்பது நிறுவனங்களுக்கு நன்றாகத் தெரியும். உறவு தீர்ந்ததும் விற்பனையும் தீர்கிறது. பீடி சுற்றியும் வெளியூரில் கடை வைத்தும் சேர்த்த காசைச் சித்தி நம்பிக் கொடுக்கிறாள் என்றால், அது கோயில் நிலமா, நீர்ப்பிடிப்பா, அங்கீகாரம் உண்டா என்று பார்க்கும் பொறுப்பு அந்த இளைஞருடையது. வில்லங்கச் சான்றைப் பதிவுத் துறையின் தளத்திலும், பட்டா, நில விவரங்கள் அடங்கிய ‘அ’ பதிவேடு, நிலத்தின் அளவு வரைபடமான புலப்படம் ஆகியவற்றை வருவாய்த் துறையின் தளத்திலும் கட்டணம் இல்லாமலே பார்க்கலாம். பார்க்காமல் விற்றால் நாளை அந்த நிறுவனம் அலுவலகத்தை மூடிக்கொண்டு போகலாம். சித்தி வருவது நம் வாசலுக்குத்தான். அதன்பின் அந்தக் குடும்பத்துக் கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் நாம் எந்த முகத்தோடு போக முடியும்?

சட்டமும் இதில் கடுமையாக இருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டுச் சட்டத்தின்படி, அச்சட்டத்தின் கீழ் பதிவு பெற்ற திட்டங்களின் மனைகளை விற்றுக் கொடுக்கும் முகவர் தாமும் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவாக வேண்டிய திட்டம் பதிவாகாமல் இருந்தால் அதன் மனைகளை அவர் விற்றுக் கொடுக்கக்கூடாது. மீறினால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் வீதம், அந்தச் சொத்தின் மதிப்பில் 5 சதவீதம் வரை அபராதம் விதிக்கலாம். மேலே சொன்ன 20 லட்ச ரூபாய் மனைக்கு அது 1 லட்சம். முகவருக்குக் கிடைத்த பங்கோ 20,000. நிறுவனத்தின் பதிவு எண் என்னுடையதும்தான் என்று எண்ணி எத்தனை பிள்ளைகள் பதிவில்லாமலே சுற்றுகிறார்கள் என்பதை நினைத்தால் பயமாக இருக்கிறது. எந்தத் திட்டங்கள், எந்த முகவர்கள் பதிவு பெற்றிருக்கிறார்கள் என்பதை தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் தளத்தில் யாரும் பார்க்கலாம். அதேபோல, சொத்துக்கான முன்பணத்தை 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது வருமான வரிச் சட்டத்தை மீறுவதாகும்; வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரும். ஆகவே மற்றவர்களின் முன்பணத்தைத் தன் கையிலோ தன் கணக்கிலோ வாங்கி வைக்கும் பழக்கமே முகவருக்கு வேண்டாம். நேராக விற்பவரின் கணக்குக்குப் போகட்டும்.

வரியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு நிறுவனம் ஆண்டில் 20,000 ரூபாய்க்கு மேல் கமிஷன் கொடுத்தால் 2 சதவீதம் பிடித்துக்கொண்டுதான் கொடுக்கும். பான் எண் கொடுக்காதவருக்கு 20 சதவீதம் பிடிப்பார்கள். புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வருமானம் உள்ளவர் வரி கட்ட வேண்டியதில்லை என்றாலும், பிடித்த பணம் கணக்குத் தாக்கல் செய்தால்தான் திரும்பக் கிடைக்கும். சிறு வணிகர்களுக்கு உள்ள, விற்றுமுதலில் சட்டம் குறிப்பிடும் சதவீதத்தை வருமானமாகக் காட்டிவிடும் எளிய வழி கமிஷன் வருமானத்துக்குக் கிடையாது என்பது பலருக்குத் தெரியவில்லை. அதனால் பெட்ரோல், கார் வாடகை, கைபேசி என்று ஒவ்வொரு செலவுக்கும் ரசீதும் குறிப்பேடும் வேண்டும். இன்னொன்று: சம்பளச் சீட்டு இல்லாதவர் வீட்டுக் கடன் கேட்டுப் போனால் வங்கிகள் இரண்டு மூன்று ஆண்டு வருமான வரித் தாக்கலைத்தான் கேட்கின்றன. அடுத்தவர்களுக்கு வீட்டுக் கடன் வாங்கிக் கொடுக்க அலைந்தும், இதை வைத்திராததால் தனக்கென்று ஒரு வீட்டுக் கடன் வாங்க முடியாமல் நின்ற சக தரகர்களை எனக்குத் தெரியும்.

நாளெல்லாம் நான்கு வழிச்சாலையில் இருசக்கர வாகனத்தில் ஓடுகிற எங்களுக்கு வருங்கால வைப்பு நிதியும் இல்லை, இ.எஸ்.ஐ.யும் இல்லை. வங்கிக் கணக்கு வைத்திருப்பவர் ஆண்டுக்கு 20 ரூபாயில் பிரதமரின் விபத்துக் காப்பீட்டிலும், 50 வயதுக்குள் இருந்தால் 436 ரூபாயில் ஆயுள் காப்பீட்டிலும் சேரலாம். இரண்டும் 2 லட்சம் ரூபாய்க்கானவை. பெரிய தொகைகள் அல்ல என்றாலும், தரகர் ஒருவர் நாங்குநேரி அருகே விபத்தில் இறந்தபோது அவர் வீட்டுக்கு ஈமச் செலவுக்கே நாங்கள் வசூல் செய்து கொடுக்க நேர்ந்தது என்பதால் இதை எழுதுகிறேன்.

கடைசியாக, பேசிய தரகு கைக்கு வருவது பற்றி. சார்பதிவாளர் அலுவலகப் படிக்கட்டில் “சாயங்காலம் வீட்டுக்கு வாங்க, தாரேன்” என்று சொன்னவர்கள் பிறகு கைபேசியை எடுக்காமல் போனதுண்டு. மனைப்பிரிவு போட்ட ஒருவர் எனக்கும் வேறு நான்கு பேருக்கும் தர வேண்டிய கமிஷனை “எல்லா மனையும் விற்கட்டும்” என்று மூன்றாண்டு இழுத்து, கடைசியில் தராமலே விட்டார். எங்களிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. வாய்ப்பேச்சும் ஒப்பந்தம்தான் என்றாலும் அதை நிரூபிப்பது கடினம். வழக்குப் போடுவதற்கும் பொதுவாக மூன்றாண்டுதான் காலவரம்பு. எத்தனை சதவீதம், யார் தருவது, எந்த நாளில் தருவது என்பதை ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அதற்குக் கூச்சமாக இருந்தால் வாட்ஸ்அப்பில் அனுப்பி, “சரி” என்ற ஒரு சொல்லையாவது பதிலாகப் பெற்றுக்கொள்ளுங்கள். எழுதிக் கேட்டால் கோபித்துக்கொள்பவர் பணம் தரும்போதும் கோபித்துக்கொள்வார்.

நிறுவனம் நடத்துபவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளைகளைச் சேர்க்கும்போது கமிஷன் விகிதத்தையும் அது எத்தனை நாளில் தரப்படும் என்பதையும் எழுதிய கடிதம் ஒன்றைக் கொடுங்கள். முதல் ஆறு மாதத்துக்குப் பெட்ரோல் செலவையாவது ஏற்றுக்கொள்ளுங்கள். அவர்கள் அலைந்து காட்டிய இடங்களால்தான் உங்கள் மனைகள் விற்கின்றன. மனை விற்காமல் போனாலும் உங்களுக்கு நிலம் மிஞ்சும். அவர்களுக்கு வண்டித் தவணைதான் மிஞ்சுகிறது.

ஆசிரியர் அவர்களே, தங்களிடமும் ஒன்று கேட்க விரும்புகிறேன். மனை விற்பனைக்கு ஆள் எடுக்கும் வரி விளம்பரங்களைத் தங்கள் நாளிதழ் ஏற்கும்போது, “மாதச் சம்பளம் இல்லை, விற்பனை நடந்தால் மட்டுமே கமிஷன்” என்ற வரியையும், அந்நிறுவனத் திட்டத்தின் ஒழுங்குமுறை ஆணையப் பதிவு எண்ணையும் சேர்த்தே வெளியிட வேண்டும் என்று ஒரு விதி வைத்துக்கொள்ள இயலுமா? அந்த ஒரு வரி கூடுதலாக அச்சாகியிருந்தால், கங்கைகொண்டானில் வேலையில் இருந்த அந்தத் தம்பி தன் சம்பளத்தை விடுவதற்கு முன் வீட்டில் ஒரு முறை உட்கார்ந்து பேசியிருப்பார் என்று நம்புகிறேன். அவருக்கு நான் அன்று 20,000 ரூபாய் கொடுக்கவில்லை. வளையலை மீட்பதற்கான தொகையை மட்டும் வட்டியில்லாமல் கொடுத்து, பழைய ஆலையில் மீண்டும் கேட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் என்னோடு இடம் பார்க்க வருகிறார்.

இங்ஙனம்,
2003 முதல் நிலத் தரகில் இருக்கும் வாசகர்,
பாளையங்கோட்டை.